விபத்து வழக்கில் வலிக்கும் வேதனைக்கும் இழப்பீடு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கடலூரில் விபத்து வழக்குகள் நடத்தும் ஒரு வக்கீல் ஆபீசில் எனக்குக் குமாஸ்தா வேலை. வக்கீலிடம் கேட்கக் கூச்சப்படுவதையெல்லாம் கட்சிக்காரர்கள் வெளியே பெஞ்சில் உட்கார்ந்து என்னிடம் கேட்பார்கள். ஆஸ்பத்திரி பில், சம்பள இழப்பு பற்றி யாருக்கும் பெரிய குழப்பம் இல்லை. ரசீதில் வராத இழப்புகளைப் பற்றித்தான் திரும்பத் திரும்பச் சந்தேகம். அவற்றை அவர்கள் கேட்டபடியே போட்டு, பதிலும் எழுதியிருக்கிறேன். எல்லாமே மோட்டார் வாகன விபத்து பற்றியவை. உங்கள் கேஸ் கட்டைப் பார்த்து முடிவு சொல்ல வேண்டியது உங்கள் வக்கீல்தான்.

"வலிச்சதுக்கெல்லாம் காசு தருவாங்களா சார்? ஆஸ்பத்திரிச் செலவு மட்டும்தானே கேக்க முடியும்?"

தருவார்கள். மோட்டார் வாகனச் சட்டம் 168-வது பிரிவு, விபத்து வழக்கை விசாரிக்கும் தீர்ப்பாயம் நியாயமான இழப்பீடு தர வேண்டும் என்கிறது. அந்த நியாயத்துக்குள் செலவும் வருமானமும் மட்டுமில்லை, பணமாக அளக்க முடியாத இழப்பும் அடங்கும் என்று உச்ச நீதிமன்றம் பல தீர்ப்புகளில் சொல்லிவிட்டது. எல்லா வழக்கிலும் எடுத்துக் காட்டப்படுவது ராஜ்குமார் எதிர் அஜய்குமார், 2010 தீர்ப்பு.

அதன்படி காயமடைந்தவர் மூன்று விஷயங்களுக்குத் தனியாகக் கேட்கலாம்: ஒன்று, வலி, வேதனை, அதிர்ச்சி; இரண்டு, வாழ்க்கை வசதிகளின் இழப்பு, அதோடு சேர்ந்து திருமண வாய்ப்பு இழப்பு; மூன்று, ஆயுள் குறைவு. சாதாரணக் காயத்துக்கு முதலாவது மட்டும்தான் கிடைக்கும். மற்ற இரண்டும் நிரந்தர ஊனம் மாதிரியான கடுமையான காயம் என்று மருத்துவச் சாட்சியம் இருந்தால்தான்.

"வலி, வேதனை, வசதி இழப்பு... எல்லாம் ஒண்ணுதானே? ஏன் தனித்தனியா எழுதுறீங்க?"

ஒன்றில்லை. வலி, வேதனை என்பது அடிபட்ட நேரத்தில் இருந்து குணமாகும் வரை உடம்பும் மனசும் பட்டது: ஆபரேஷன், கம்பி வைத்தது, இரவெல்லாம் தூங்காதது, இனியும் விட்டுவிட்டு வரப்போகும் வலி. வசதி இழப்பு என்பது குணமான பிறகும் திரும்பி வராதது. தரையில் சம்மணம் போட முடியாது, பேரனைத் தூக்க முடியாது, சைக்கிள் மிதிக்க முடியாது. வருஷம் தவறாமல் திருவந்திபுரத்தில் மலைப்படி ஏறி ஹயக்ரீவரைச் சேவித்தவர் இப்போது கீழேயே நின்றுவிடுகிறார் என்றால் அதுவும் இதில்தான் வரும். வலி நின்றுபோனாலும் இந்த இழப்பு நிற்காது. ஒன்றுக்குக் கொடுத்துவிட்டோம் என்று மற்றதை விடக் கூடாது என்பதற்காகத்தான் தனித்தனித் தலைப்பு.

"இதுக்கு ரேட் லிஸ்ட் ஏதாவது இருக்கா?"

காயத்துக்கு இல்லை, குழந்தைகள் வழக்கைத் தவிர. பழைய சட்டத்தில் இரண்டாம் அட்டவணை என்று ஒன்று இருந்தது. அதில் கடுங்காயத்தின் வலிக்கு 5,000 ரூபாய், சாதாரணக் காயத்துக்கு 1,000 ரூபாய். அந்த ஏற்பாட்டை 2019 திருத்தம் எடுத்துவிட்டது. போனதில் எனக்கு வருத்தம் இல்லை.

இப்போது நீதிபதி பார்ப்பது காயத்தின் தன்மை, வயது, எத்தனை நாள் உள்நோயாளி, எத்தனை ஆபரேஷன், மீதி வாழ்க்கை எப்படி இருக்கும் என்பதைத்தான். 1995-ல் ஹத்தங்கடி வழக்கில், இடுப்புக்குக் கீழே செயலிழந்த 52 வயது வக்கீலுக்கு வலிக்கு ஒன்றரை லட்சம், வசதி இழப்புக்கு ஒன்றரை லட்சம் தந்தார்கள். 2020-ல் காஜல் என்ற 12 வயதுச் சிறுமியின் வழக்கில் இரண்டுக்கும் சேர்த்து 15 லட்சம். 2024 நவம்பரில் முரளிதர் வழக்கில் வலி வேதனைக்கு மட்டுமே 15 லட்சம். இவை எல்லாம் உடம்பு கிட்டத்தட்ட முழுக்க முடங்கிய வழக்குகள். முழங்கால் எலும்பு முறிவுக்கு இந்தத் தீர்ப்பைக் கையில் வைத்துக்கொண்டு 15 லட்சம் எதிர்பார்த்தால் ஏமாற்றம்தான் மிஞ்சும்.

"ஒரு பர்சன்டுக்கு அஞ்சாயிரம்னு டீக்கடையிலேயே சொல்றாங்களே, அது என்ன?"

டீக்கடைக் கணக்கு முழுப் பொய்யில்லை. நிரந்தர ஊனம் இருந்தும் அதனால் சம்பாத்தியம் பெரிதாகக் குறையவில்லை என்றால், ஊனத்தின் ஒவ்வொரு சதவீதத்துக்கும் இவ்வளவு என்று மொத்தமாகத் தருவது நம் சென்னை உயர் நீதிமன்ற வட்டாரத்தில் பழக்கம். 3,000 ரூபாய், 5,000 ரூபாய் என்றெல்லாம் தந்திருக்கிறார்கள். ஆனால் அது ஊனத்துக்கான கணக்கு. வலி, வேதனை அதற்கு மேல் தனியாக வரும். 20 சதவீதம், ஒரு லட்சம், கதை முடிந்தது என்று நினைத்துவிடாதீர்கள்.

சம்பாத்தியமே போயிற்று என்றால் இந்த சதவீதக் கணக்கு பொருந்தாது. வருமானத்தை வயதுக்குரிய பெருக்கெண்ணால் பெருக்கிப் பார்க்க வேண்டும். ராஜ்குமார் தீர்ப்பிலேயே ஒரு உதாரணம் இருக்கிறது. இடது கை போனால் உடல் ஊனம் சுமார் 60 சதவீதம். கை போனவர் டிரைவரோ தச்சரோ என்றால் பிழைப்பே நூற்றுக்கு நூறு போயிற்று. அரசு அலுவலக எழுத்தர் என்றால் வேலை தொடரும். வருங்கால வருமான இழப்பு என்று எதுவும் தராமலேகூட போகலாம், ஆனாலும் கையை இழந்ததற்கு வசதி இழப்பு என்ற தலைப்பில் தரலாம் என்கிறது தீர்ப்பு. மாதச் சம்பளக்காரர்கள் இதைக் கவனிக்க வேண்டும். உங்களுக்கு வரக்கூடிய பெரிய தொகை இந்தத் தலைப்பில்தான் இருக்கிறது.

"ஜிப்மர்ல ஃப்ரீயா பாத்துட்டாங்க. ஒரு பில்லும் கையில இல்ல. கேஸ் நிக்குமா?"

நிற்கும். பில் இல்லாவிட்டால் மருத்துவச் செலவு என்ற தலைப்பில் குறையும், அவ்வளவுதான். வலிக்கு யாரும் ரசீது கேட்பதில்லை. இலவச வைத்தியம் பார்த்தவருக்குக் காசு கொடுத்துப் பார்த்தவரைவிடக் குறைவாக வலித்திருக்கும் என்று எந்தத் தீர்ப்பும் சொல்லவில்லை.

ஆனால் காகிதம் வேண்டும். முதலில் போன ஆஸ்பத்திரியின் ஏ.ஆர். காப்பி (விபத்துப் பதிவேட்டின் நகல்), டிஸ்சார்ஜ் சம்மரி, ஒவ்வொரு ஓ.பி. சீட்டு, எக்ஸ்ரே, பிசியோதெரபி அட்டை. நம்மூர்க்காரர்கள் பலர் முதலுதவிக்குக் கடலூர் அரசு தலைமை மருத்துவமனை போய், அங்கிருந்து ஜிப்மருக்கு மாறுகிறார்கள். இரண்டு இடத்துக் காகிதமும் வேண்டும். ஒன்று விட்டுப்போனால், நடுவில் எங்கே இருந்தீர்கள் என்று இன்சூரன்ஸ் தரப்பு கேட்கும்.

"கோர்ட்டுல ரொம்ப வலிச்சுதுன்னு சொன்னா போதாதா?"

போதாது. பெரும்பாலான வழக்குகளில் தொகை கைவிட்டுப் போவது இந்த இடத்தில்தான் என்பது என் அபிப்பிராயம். "மனுதாரர் சொல்லொணா வலியும் வேதனையும் அடைந்து இன்றுவரை துன்புறுகிறார்" என்ற வரி எல்லா மனுவிலும் இருக்கும். எல்லாருக்கும் பொதுவான வரி நீதிபதிக்கு ஒன்றும் சொல்லாது. விபத்துக்கு முன்பு நீங்கள் செய்த எது இப்போது முடியவில்லை என்று மனுவிலும், பிரமாண வாக்குமூலத்திலும் பெயர் சொல்லி எழுத வேண்டும். துறைமுகத்தில் ஐஸ் பெட்டி தூக்கினேன், இப்போது குனிய முடியவில்லை. இந்தியன் டாய்லெட்டில் உட்கார முடியவில்லை, வீட்டில் வேறு டாய்லெட் இல்லை. புடவை கட்ட மகள் உதவி வேண்டும். இப்படி எழுதினால் மருத்துவர் சாட்சி சொல்லும்போது அவரிடமும் கேட்க முடியும்: இந்த மூட்டு எவ்வளவு மடங்குகிறது, இந்த வேலை முடியுமா முடியாதா என்று.

வெட்கப்பட்டு மறைப்பவர்கள் அதிகம். சிறுநீர் அடங்காதது, கணவன் மனைவி உறவு இல்லாமல் போனது, கோபம் வந்து பிள்ளைகளை அடிப்பது. பெண்கள் பெண் வக்கீலிடம் சொல்லட்டும், ஆண்கள் எழுதியாவது கொடுக்கட்டும். சொல்லாததை நீதிபதி ஊகித்துத் தர மாட்டார். மருத்துவரிடமே சொல்லாமல் விட்டிருந்தால் இன்னும் சிக்கல், காகிதத்தில் ஒரு வரியும் இருக்காது.

குறுக்கு விசாரணையில் தவறாமல் வரும் கேள்வி ஒன்று: "நடந்துதானே கோர்ட்டுக்கு வந்தீங்க?" இல்லை என்று பொய் சொல்ல வேண்டாம். ஆட்டோவில் வந்தேன், மாடி ஏற மகன் தாங்கினான் என்று நடந்ததைச் சொன்னால் போதும். கூட்டிச் சொன்ன ஒரு விஷயம் பிடிபட்டால் உண்மையாகச் சொன்ன பத்தும் அதோடு போகும். வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் கல்யாண வீட்டு நடனம் போட்டுவிட்டு நிற்கவே முடியவில்லை என்பவரை யாராலும் காப்பாற்ற முடியாது.

"எலும்பெல்லாம் கூடிடுச்சு. ஆனா லாரி ஹாரன் கேட்டா கை நடுங்குது, பைக்ல ஏறவே பயமா இருக்கு."

மன அதிர்ச்சியும் வலி, வேதனைத் தலைப்பில் அடங்கும். ஹத்தங்கடி தீர்ப்பு உடல் அதிர்ச்சியோடு மன அதிர்ச்சியையும் சேர்த்தே சொல்கிறது. ஆனால் மனநல மருத்துவரைப் பார்த்த சீட்டு இருக்க வேண்டும், அதுவும் விபத்துக்குப் பின் சீக்கிரமே. கேஸுக்காகப் போகச் சொல்லவில்லை, தூக்கம் கெட்டவர் எப்படியும் போக வேண்டிய இடம் அது. வழக்கு சாட்சி நிலைக்கு வந்த பிறகு முதல் தடவையாகப் போனால் சந்தேகப்படத்தான் செய்வார்கள்.

"பொண்ணுக்கு முகத்துல தழும்பு. வர்ற வரனெல்லாம் தட்டிப்போகுது. அதைக் கேக்கலாமா?"

கேட்கலாம். திருமண வாய்ப்பு இழப்பு ஏற்றுக்கொள்ளப்பட்ட தலைப்பு. காஜல் வழக்கில் இதற்கு மட்டும் 3 லட்சம் தந்தார்கள். பையன்களுக்கும் உண்டு, நொண்டுகிற பையனுக்குப் பெண் கொடுக்க நம்மூரில் யோசிக்காமலா இருக்கிறார்கள்? விபத்துக்கு முந்தைய போட்டோ, இப்போதைய போட்டோ இரண்டையும் தாக்கல் செய்யுங்கள். தட்டிப்போன வரன் வீட்டாரைச் சாட்சிக்கு இழுக்க வேண்டிய அவசியம் இல்லை.

"அம்மா வீட்டுலதான் இருக்காங்க, சம்பளம் கிடையாது. அவங்களுக்கு வலிக்கு மட்டும்தானா?"

இல்லை. வீட்டு வேலைக்கும் மதிப்புப் போட்டு வருமானமாகக் கணக்கிட வேண்டும் என்று லதா வாத்வா (2001), கீர்த்தி (2021) தீர்ப்புகள் சொல்கின்றன. அதற்கு மேல்தான் வலியும் வசதி இழப்பும். "ஹவுஸ் ஒய்ஃப், வருமானம் இல்லை" என்று மனுவில் எழுத விடாதீர்கள்.

"பையனுக்கு எட்டு வயசு, கால் ஊனமாயிடுச்சு. சம்பாதிக்காத பிள்ளைக்கு என்ன கணக்கு?"

2013-ல் மாஸ்டர் மல்லிகார்ஜுன் தீர்ப்பில் குழந்தைகளுக்கு ஒரு அளவு வைத்தார்கள். வலி, வசதி இழப்பு, ஏமாற்றம் எல்லாம் சேர்த்து, 10 சதவீதம் வரை ஊனத்துக்கு 1 லட்சம், 30 வரை 3 லட்சம், 60 வரை 4 லட்சம், 90 வரை 5 லட்சம், அதற்கு மேல் 6 லட்சம். மருத்துவச் செலவு, கூட இருப்பவர் செலவு இதில் சேராது. ஆனால் இதோடு நிறுத்திக்கொள்ள வேண்டியதில்லை. மேலே சொன்ன காஜல் வழக்கில் குறைந்தபட்சக் கூலியை வைத்து வருங்கால வருமானமும் கணக்கிட்டு, மொத்தம் 62 லட்சத்துக்கு மேல் தந்தார்கள். மைனர் பெயரில் வரும் பணத்தைப் பொதுவாக வங்கியில் டெபாசிட்டாகப் போடச் சொல்வார்கள். படிப்புக்கு, வைத்தியத்துக்குத் தேவைப்பட்டால் மனு போட்டு எடுக்கலாம்.

"எங்க வீட்டுக்காரர் போயிட்டார். எனக்கும் பசங்களுக்கும் பாசத்துக்குன்னு ஏதாவது உண்டா?"

உண்டு, இறப்பு வழக்கில் இதற்கு ரேட் இருக்கிறது. 2017 அக்டோபர் 31-ல் ஐந்து நீதிபதிகள் கொண்ட அமர்வு பிரணய் சேத்தி வழக்கில் நிர்ணயித்தது: துணையை இழந்ததற்கு 40,000, சொத்து இழப்புக்கு (அவர் இருந்திருந்தால் சேர்த்து வைத்திருக்கக்கூடியது) 15,000, ஈமச்சடங்குக்கு 15,000, மூன்று வருஷத்துக்கு ஒரு முறை 10 சதவீதம் உயர்வு. அந்தக் கணக்கில் 2023 அக்டோபருக்குப் பிறகு 48,400, 18,150, 18,150.

2018-ல் மேக்மா தீர்ப்பு, துணை இழப்பு மனைவிக்கு மட்டும் உரியதில்லை, பெற்றோரை இழந்த பிள்ளைக்கும் பிள்ளையை இழந்த பெற்றோருக்கும் உண்டு என்றது. ஆக மனைவி, இரண்டு பிள்ளைகள், இறந்தவரின் தாய் என்று நான்கு பேர் இருந்தால் நான்கு 48,400, அதாவது 1,93,600 ரூபாய். அன்பு, பாசம் இழப்பு என்று தனித் தலைப்பு போடக் கூடாது, இதிலேயே அடங்கிவிட்டது என்று 2020-ல் சதீந்தர் கவுர் வழக்கில் சொல்லிவிட்டார்கள். இந்த மூன்று உறவுக்குள் அண்ணன் தம்பி வரவில்லை. கூட வளர்ந்தவர்களுக்கு இது சங்கடமான பதில்தான்.

"அடிபட்டது கன்னியக்கோயில் பக்கம், பாண்டி எல்லை. நாங்க இருக்கிறது கடலூர். கேஸ் எங்க போடுறது?"

விபத்து நடந்த இடம், நீங்கள் வசிக்கும் அல்லது தொழில் செய்யும் இடம், எதிர்தரப்பு வசிக்கும் இடம், இதில் எங்கு வேண்டுமானாலும் போடலாம். 166-வது பிரிவு அந்த வசதியைத் தருகிறது. எஃப்.ஐ.ஆர். புதுச்சேரி போலீசில் இருந்தாலும் வழக்கு கடலூரில் நடத்தலாம். இரண்டுக்கும் மேல்முறையீடு சென்னை உயர் நீதிமன்றம்தான். ஊனத்தோடு அலைய வேண்டியவர் நீங்கள், பஸ் வசதியைப் பார்த்து முடிவு செய்யுங்கள்.

நாள் கணக்கு முக்கியம். 2022 ஏப்ரல் 1 முதல், விபத்து நடந்து ஆறு மாதத்துக்குள் மனு போட வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. இதை எதிர்த்த வழக்கில், காலாவதி என்று மனுக்களைத் தள்ள வேண்டாம் என உச்ச நீதிமன்றம் 2025 நவம்பரில் இடைக்கால உத்தரவு போட்டது. அதை நம்பித் தாமதிக்காதீர்கள்.

"வண்டி நிக்காமப் போயிடுச்சு. நம்பர் தெரியல."

அப்படியானால் இதுவரை சொன்ன தலைப்புகள் எதுவும் வராது. கடைசிவரை வண்டி தெரியாவிட்டால் அரசுத் திட்டத்தில் இறப்புக்கு 2 லட்சம், கடுங்காயத்துக்கு 50,000 மட்டும். அதற்கு மனு தீர்ப்பாயத்தில் இல்லை, தாலுகா அளவிலான விசாரணை அதிகாரியிடம்.

"நான் சிப்காட் கம்பெனி வண்டியில டிரைவர். வேலை நேரத்துல ஆச்சு. தொழிலாளர் இழப்பீடு சீக்கிரம் வரும்னு சொல்றாங்களே?"

யார் தவறு என்று நிரூபிக்க வேண்டாம் என்பதால் அந்த வழி சுலபம். ஆனால் 1923 தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்திலும், 2025 நவம்பரில் அதன் இடத்துக்கு வந்த சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பிலும் வலி, வேதனை என்ற தலைப்பே இல்லை. சம்பளம், வயது, சம்பாதிக்கும் திறனில் எத்தனை சதவீதம் போயிற்று என்ற சூத்திரம்தான். 1923 சட்டத்தில் சம்பளத்தையும் ஒரு வரம்புக்கு மேல், கடைசியாக மாதம் 15,000-க்கு மேல், கணக்கில் எடுக்கவில்லை. இரண்டு வழியிலும் வாங்க முடியாது, மோட்டார் வாகனச் சட்டம் 167-வது பிரிவின்படி ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். எதிர் வண்டி மேல் தவறு என்றால் பெரும்பாலும் தீர்ப்பாயம் லாபம். தவறு முழுக்க உங்கள் மேல் என்றால் தீர்ப்பாயத்தில் தவறுக்கான வழக்கே நிற்காது, தொழிலாளர் இழப்பீடுதான் வழி.

"ஹெல்மெட் போடல. மூணு பேர் வேற போனோம். வலிக்குத் தர்றதையும் குறைப்பாங்களா?"

உங்கள் பங்குக்கு இத்தனை சதவீதம் தவறு என்று முடிவானால் மொத்தத்திலும் அந்த அளவு கழியும், வலிக்கு மட்டும் விலக்கு கிடையாது. ஆனால் மூன்று பேர் போனதே தவறு என்று கண்ணை மூடிக்கொண்டு கழிக்கக் கூடாது, அதனால்தான் விபத்து நடந்தது அல்லது காயம் கூடியது என்று காட்ட வேண்டும் என்கிறது 2020 முகமது சித்திக் தீர்ப்பு. காலில் மட்டும் முறிவு இருக்கும்போது ஹெல்மெட்டைச் சொல்லிக் கழித்தால் உங்கள் வக்கீல் கட்டாயம் எதிர்க்க வேண்டும்.

"மனுவுல அஞ்சு லட்சம்தான் போட்டிருக்கோம். ஆபரேஷன் இன்னும் ரெண்டு ஆயிடுச்சு. இப்ப கூட்ட முடியுமா?"

முடியும். கேட்டதைவிட அதிகம் தரத் தீர்ப்பாயத்துக்குத் தடை இல்லை என்று 2002 நாகப்பா தீர்ப்பு சொல்கிறது. இருந்தாலும் திருத்த மனு போட்டு, புதிய ஆபரேஷன் விவரத்தையும் அதன் வலியையும் சேர்த்துவிடுவது நல்லது. காகிதத்தில் இல்லாத ஆபரேஷனுக்கு என்ன நேரும் என்று முன்பே சொல்லிவிட்டேன்.

"கேஸ் நடக்கும்போதே அப்பா ஹார்ட் அட்டாக்ல போயிட்டார். அவர் பட்ட வலி அவரோட போச்சா?"

ஒரு காலத்தில் அப்படித்தான் வாதிட்டார்கள். உடலில் பட்ட வலி தனிப்பட்டது, வாரிசுக்கு வராது, சொத்துக்கு வந்த இழப்பு மட்டும் வரும் என்பது பழைய நிலை. 2021 கலான் தீர்ப்புகூடச் சொத்து இழப்பு என்ற வழியில்தான் வாரிசுகளுக்குத் தந்தது. இப்போது 2019 திருத்தத்தால் 166-வது பிரிவில் ஐந்தாவது உட்பிரிவு வந்திருக்கிறது. காயத்தால் இறந்தாலும் வேறு காரணத்தால் இறந்தாலும், காயத்துக்கு இழப்பீடு கேட்கும் உரிமை வாரிசுகளுக்குத் தொடரும் என்று அது நேராகவே சொல்கிறது. வாரிசுச் சான்றோடு உங்களைச் சேர்க்க உடனே மனு போடுங்கள். திருத்தத்துக்கு முந்தைய விபத்து என்றால் இன்சூரன்ஸ் தரப்பு பழைய வாதத்தை எடுக்கும், அதற்குத் தயாராக இருங்கள்.

"லோக் அதாலத்துல மொத்தமா நாலு லட்சம் தர்றோம்ங்கிறாங்க. வாங்கிட்டு முடிச்சுடலாமா?"

சில வழக்குகளில் அது நல்ல முடிவுதான், பணம் சீக்கிரம் வரும். ஆனால் மொத்தமாகப் பேசும்போது முதலில் காணாமல் போவது வலியும் வசதி இழப்பும்தான். மருத்துவச் செலவு, வருமான இழப்பு என்று கூட்டிக் காட்டி "போதுமே" என்பார்கள். தலைப்பு வாரியாக உங்கள் கணக்கை ஒரு தாளில் எழுதிக்கொண்டு உட்காருங்கள். லோக் அதாலத் தீர்வுக்கு மேல்முறையீடு கிடையாது. தீர்ப்பாயத்தின் தீர்ப்பு என்றால் 90 நாளில் உயர் நீதிமன்றம் போகலாம், பிரச்சினைக்குரிய தொகை ஒரு லட்சத்துக்குக் குறைந்தால் மட்டும் முடியாது. ஆபரேஷன் பாக்கி இருக்கும்போது, கம்பி எடுக்காத காலோடு போய்க் கையெழுத்துப் போடாதீர்கள்.

"வர்ற பணத்துல வக்கீலுக்கு இத்தனை பர்சன்ட்னு பேசியிருக்கு. சரிதானே?"

சரியில்லை. ஜெயிக்கும் தொகையில் பங்கு என்று ஃபீஸ் பேசுவதை பார் கவுன்சில் விதி அனுமதிப்பதில்லை. நடைமுறை என்னவென்று உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். ஃபீஸை ரூபாயாகப் பேசி எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். இழப்பீடு உங்கள் பெயரில் உள்ள வங்கிக் கணக்குக்கு நேராக வர வேண்டும். பாஸ்புக்கும் செக் புத்தகமும் உங்கள் வீட்டில் இருக்கட்டும், எந்த ஆபீசிலும் வேண்டாம், எங்கள் ஆபீஸ் உட்பட.